வெயில் சுவருக்கு ஒரு கொடி

கொடிகளைப் பற்றி மீட்டரக்காவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவள். வீடு கட்டுகிறவர்கள் மீட்டர் பெட்டியை முன்னால் வைக்க விரும்புவதில்லை. பார்க்க லட்சணமாக இருக்காது என்று பக்கச் சந்தில், ஆள் நுழையத் திணறும் இடத்தில் வைப்பார்கள். அதுவும் போதாதென்று அதை மறைக்க ஒரு கொடியை நட்டுவிடுவார்கள். அந்தக் கொடியை விலக்கி, தூசியைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவளுடைய பிழைப்பு.

அதனால் எந்தக் கொடியில் முள், எதில் எறும்பு, எதில் கம்பளிப்பூச்சி என்பதெல்லாம் அவள் தோலுக்கே தெரியும். காகிதப்பூ என்றால் ரத்தம் பார்க்காமல் விடாது. சுவரில் வேர்விட்டு ஒட்டும் கொடி மீட்டர் பெட்டியின் கதவையும் சேர்த்து ஒட்டிவிடும், கத்தி வேண்டும். சங்குப்பூ சாது, ஆனால் கோடை வந்தால் இடுப்புக்குக் கீழே மொட்டையாகிவிடும். ஊரிலேயே அவளுக்குப் பிடித்த கொடி ஒன்றுதான். ரிட்டயர்டு ஜட்ஜ் வீட்டின் தெற்குச் சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பூக்களைத் தொங்கவிட்டபடி நின்ற கொடி. முள் இல்லை, பூச்சி இல்லை, உச்சி வெயிலில் சிரித்துக்கொண்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதைப் பார்ப்பாள். எந்தத் தடவையும் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியோ, வெட்டிவிட்டோ பார்த்ததில்லை. "இருந்தா இப்படி இருக்கணும். ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

அவளும் அப்படித்தான் இருந்தாள். அப்பா போனபோது அவளுக்கு இருபத்திரண்டு, தங்கைக்குப் பதினான்கு. ஆறு வருஷம் கழித்து மீட்டர் வேலை கிடைத்தபோது, பொம்பளைப் பிள்ளை தெருத் தெருவாக அலைவதா என்று சித்தப்பா வந்து கேட்டார். "நீங்க சோறு போடுங்க சித்தப்பா, நான் அலையல" என்றாள். அதற்குப் பிறகு சித்தப்பா கேட்கவில்லை. வரவும் இல்லை. தங்கையைப் படிக்க வைத்தாள், கல்யாணமும் செய்து வைத்தாள். நாலே மாதத்தில் தங்கை கொண்டுபோன அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்தாள்.

தங்கைக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் அறையில் வேலை கிடைத்தது. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறை. இருபத்தெட்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதறிப்போய் அழைக்கிறவர்களை எல்லாம் தேன் மாதிரியான குரலில் நிறுத்தி வைத்து, உரிய இடத்துக்கு இணைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களை அகலத் திறந்துபோடுவாள். திரைச்சீலை என்றால் ஆகாது. ஒருத்தி காலால் பிழைத்தாள், ஒருத்தி வாயால் பிழைத்தாள். சாயங்காலம் இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கும்போது, ஒருத்திக்குக் கால் கெஞ்சும், இன்னொருத்திக்குப் பேசச் சலிப்பாக இருக்கும். அப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

ஐம்பத்தொன்றாவது வயதில், பணியில் இருந்தபோதே தங்கை சாய்ந்தாள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு வாக்கியம் மிஞ்சியது.

"லைன்ல இருங்க."

தண்ணி வேணுமா என்றால், லைன்ல இருங்க. வலிக்குதா என்றால், லைன்ல இருங்க. அதுவும் அந்தப் பழைய தேன் குரலில், ஒரு எழுத்து பிசகாமல். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டு, சீக்கிரமே எழுந்து போனார்கள்.

மீட்டரக்கா மிச்சமிருந்த எட்டு மாதச் சர்வீஸை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டாள். பேச்சுப் பயிற்சி தர ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் பதினோரு மணிக்கு வந்தாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் பேச்சு டீச்சர். டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். அதுக்குள்ள வர்றதுதான் வரும். ஆனா இவங்க கண்ணைத் தொறந்து என் வாயைப் பாக்கணும், படத்தைப் பாக்கணும். கண்ணை மூடிக்கிட்டு இருந்தா நான் யாருக்குச் சொல்லிக்கொடுக்கறது?"

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. காரணம் ஜன்னலுக்கு வெளியே நின்றது.

பின்தோட்டத்தின் எல்லைச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். விற்காமல் கிடந்த வெள்ளை டைல்களை எல்லாம் சுவரின் இந்தப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வெயில் நேராக அதில் விழும். சுவர் பாத்திரக்கடை மாதிரி பளபளக்கும். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் கிடப்பவளின் முகத்தில் அடிக்கும். நோய்க்குப் பிறகு அவள் கண்ணுக்கு வெளிச்சம் ஆகவில்லை. நாள் முழுக்க இமைகளை இறுக்கிக்கொண்டு கிடப்பாள். அந்த அலுப்பில் பொழுது சாய்ந்ததுமே தூங்கிவிடுவாள். காலையில் மாத்திரை மயக்கம்.

ஜன்னலைச் சாத்தினால், திறக்கும்வரை தங்கை கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அக்கா திரை போட்டுப் பார்த்தாள். தங்கை நல்ல கையால் இழுத்துக் கம்பியோடு கீழே கொண்டுவந்தாள். கறுப்புக் கண்ணாடி மூன்று வாங்கினாள். மூன்றும் சுவரில் மோதி உடைந்தன. கட்டிலைத் திருப்பினால் கதவு முதுகுப் பக்கம் போய், யாராவது உள்ளே வரும்போதெல்லாம் தங்கை பதறினாள். கக்கூஸ் அந்த அறையை ஒட்டித்தான் இருந்தது. வேறு அறைக்கு மாற்றவும் வழியில்லை. டைல்ஸ்காரரிடம் போய்க் கேட்டாள்.

"என்னக்கா, பத்து வருஷத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்னு உங்களுக்கு நல்லதுதானே பண்ணியிருக்கேன்" என்றார் அவர்.

"நல்லதுதான். கொஞ்சம் அழுக்கா பண்ணியிருக்கலாம்."

"பெயிண்ட் அடிச்சா டைல்ஸ்ல நிக்காது. ஆணி அடிச்சா விரிசல் விடும். முன்னால எதையாவது நட்டுக்கோங்க, நான் வேணாங்கல. என் சுவரைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்."

பழைய புடவைகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் தங்கை விடாமல் "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று நடுங்கினாள். அன்றைக்குத்தான் மீட்டரக்கா செடிக்கடைக்குக் கிளம்பினாள். டீச்சர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு மாதம் அப்போதே போயிருந்தது.

செடிக்கடைக்காரர் அவளுக்கு நெடுநாள் பழக்கம். அவர் கடை மீட்டரை அவள்தான் படித்தாள்.

"சீக்கிரம் வளரணும்," என்றாள். "வெயில் தாங்கணும். சுவர்ல ஒட்டக்கூடாது, முள் இருக்கக்கூடாது. வெட்டுறது, உரம் வைக்கிறது, தண்ணி ஊத்துறது எதுவும் என்னால ஆகாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவே எனக்கு இடுப்பு போகுது."

"அக்கா, நீங்க செடி கேக்கறீங்களா, மருமக தேடுறீங்களா?"

"மருமகன்னா கிடைச்சிருப்பா. செடியைச் சொல்லுப்பா."

அவர் யோசிக்கவே இல்லை. "காகிதப்பூ. அந்தச் சூட்டுச் சுவருக்கு அதுதான். வேர் பிடிச்சிட்டா நீங்க மறந்தாலும் அது உங்களை மறக்காது. ஆனா முதல் வருஷம் மெதுவாத்தான் ஏறும்."

"வருஷமா? எனக்கு நாலு மாசம்தான் இருக்கு." வளையலை மேலே தள்ளி முன்கையைக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய கீறல்கள். "இதெல்லாம் உன் காகிதப்பூ போட்ட கையெழுத்து. அது என் வீட்டுக்குள்ள வராது. ஜட்ஜ் வீட்டு நீலக் கொடி இருக்கா?"

"இருக்கு. விறுவிறுன்னு ஏறும். ஆனா தண்ணி கேக்குங்கக்கா. அதுவும் அந்த இடத்துக்கு ரெண்டு வேளை வேணும்."

"நீ எனக்குச் சொல்றியா? முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அந்த வீட்ல ஒரு ஜீவன் அதுக்கு ஒரு சொம்பு தண்ணி ஊத்தி நான் பாத்ததில்ல. வித்துப் பழகினவன் நீ, பாத்துப் பழகினவ நான்."

செடிக்கடைக்காரர் பெண்களோடு வாதாடி ஜெயித்த வரலாறு இல்லாதவர். நன்றாக வளர்ந்த கன்றுகளாக மூன்று எடுத்துக் கொடுத்தார்.

பழைய கூட்டாளியான லைன்மேன் வந்து, இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, சுவருக்கு ஒரு சாண் முன்னால் ஏழு வரிசை கம்பி இழுத்துக் கட்டினார். "இதுல கரண்டு விட்டா டைல்ஸ்காரன் அடங்கிடுவான்" என்றார். மீட்டரக்கா வெகுநாள் கழித்து அன்றைக்குச் சிரித்தாள். கம்பிகள் ஒழுங்காகத்தான் நின்றன. மூன்று கன்றுகளையும் அடியில் நட்டு, நட்ட அன்றைக்கு மட்டும் மூன்று குடம் ஊற்றினாள்.

கொடி ஏறியது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மாதங்கள் அவை. ஒவ்வொரு வாரமும் ஒரு கம்பி. காலையில் தங்கைக்குப் பல் துலக்கிவிடும்போது, ரீடிங் சொல்வதுபோல அவளிடம் சொல்வாள்: "மூணாவது கம்பி முடிஞ்சுது. இன்னும் ரெண்டு ஏறிட்டா ஜன்னலுக்கு வந்துடும். அப்புறம் நீ கண்ணைத் தொறக்கலாம்."

"லைன்ல இருங்க" என்பாள் தங்கை, கண்ணை மூடியபடி.

மழை நின்றது. ஐந்தாவது கம்பியைத் தொட்ட வாரத்தில் இலைகளின் ஓரம் பழுப்பானது. இடம் மாறியதில் செடி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு நாள் ஊற்றினாள், இரண்டு நாள் மறந்தாள். மதியத்தில் சுவர்ப்பக்கம் போனால் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்பதுபோல இருந்தது. இலைகள் கை கழுவிய பிள்ளைகள்போல விரல்களைத் தொங்கவிட்டன. பதினோரு மணிக்கு வந்த டீச்சர், மூடிய கண்களின் முன்னால் படங்களைக் காட்டிவிட்டு, தன் பையில் திருப்பி வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காவலுக்கு வைத்துவிட்டு மீட்டரக்கா ஜட்ஜ் வீட்டுக்குப் போனாள். கொடி எப்போதும்போல நீலமாகத் தொங்கியது. வழக்கம்போல மணி பதினொன்று. வேலைக்கார அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இதுக்கு என்ன மருந்து போடுறீங்க? என் வீட்ல வச்சது கருகுது."

"மருந்தெல்லாம் எதுக்கு? தண்ணிதான்."

"தண்ணியா? யாரு ஊத்துறா?"

"நான்தான். விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஓஸ் பைப்பைத் தூக்கிப் போட்டா ஏழு மணி வரைக்கும் ஓடும். அப்புறம் பொழுது சாயற நேரத்துல இன்னொரு தடவை. இது குடிக்கிற தண்ணிக்கு ஒரு யானை கட்டலாம். வாராவாரம் கத்தரிச்சு விடணும் வேற. இடுப்பு ஒடியுது போங்க."

மீட்டரக்கா கொடியைப் பார்த்தாள். அடி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது, இரண்டு விரல் ஆழத்தில் சேறாக இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு மட்டுமல்ல, ஊரில் எந்த வீட்டுக்கும் அவள் விடியற்காலையில் போனதில்லை, மாலையிலும் போனதில்லை. அவளுக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம் பதினோரு மணி வீடுகள். வேலை முடிந்து, ஈரம் காய்ந்து, எல்லாம் தானாகவே நடந்ததுபோல நிற்கிற நேரம்.

"உடம்புக்கு முடியலையா? உக்காருங்க" என்றாள் வேலைக்கார அம்மா.

"இல்ல. வீட்ல ஆள் படுக்கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று முதல் விடியலில் எழுந்து குடம் குடமாக ஊற்றினாள். கொடி ஏற்கெனவே போயிருந்தது. ஒரு குடம் தண்ணீர். அதைத் தூக்க அவளால் முடியாமல் இல்லை. முடியாது என்று சொல்லிக்கொண்டு செடி கேட்டாள், தண்ணீரே வேண்டாம் என்று நம்பிவிட்டாள். இதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. யாராவது ஏமாற்றியிருந்தாலாவது திட்டலாம். செடிக்கடைக்காரர் சொல்லத்தானே சொன்னார்.

ஆறாவது மாதம் முடிந்தது. டீச்சர் அடுத்த வாரம் ஒரு நாள்தான் வந்தாள். "இனிமே மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறேம்மா. நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றாள். கையில் இருந்த படங்களில் பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். குழாய், சீப்பு, நாற்காலி, பூனை.

மீட்டரக்கா செடிக்கடைக்குப் போனபோது அவள் வாயைத் திறக்கும் முன்பே அவர் இரண்டு காகிதப்பூக் கன்றுகளை எடுத்து வைத்தார்.

"காஞ்ச கொடியைப் பிடுங்கிப் போட்டுடாதீங்கக்கா. கீழ விழுந்ததையும் சேத்து கம்பியிலயே சுத்திவிடுங்க. இது அதைப் பிடிச்சிக்கிட்டு ஏறும்."

"எப்ப ஏறும்?"

"ஏறும்."

சொன்னபடி செய்தாள். தரையில் சரிந்து கிடந்த காய்ந்த தண்டுகளை வாரி, மேல் கம்பிகளில் வைத்துத் திணித்து முறுக்கினாள். பழுப்பு இலைகளும் சுள்ளியுமாக, பெரிய பறவை ஒன்று கட்டிய கூடுபோல, ஜன்னலுக்கு நேராக அடர்த்தியாக நின்றது. வேலை முடிந்து கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தாள். மணி பன்னிரண்டு இருக்கும். அறையில் வெளிச்சம் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. தங்கை கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீட்டரக்கா நிலைப்படியிலேயே நின்றாள். கிட்டே போனால் மூடிக்கொள்வாளோ என்று பயம். தங்கையின் பார்வை காய்ந்த கொடியிலிருந்து மெதுவாக விலகி, உத்தரத்துக்குப் போய், கதவுக்கு வந்து, அக்காவின் மேல் நின்றது. முகத்திலிருந்து கைக்குப் போனது. நரைத்த தலைக்குப் போனது. ஏழு மாதத்தில் இவ்வளவு ஆகிவிட்டதா என்று கணக்குப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். போர்வையின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல அது கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள்.

அந்த மாதம் டீச்சர் வந்தபோது துள்ளாத குறை. "நல்ல முன்னேற்றம்மா" என்று சொல்லிப் படத்தை எடுத்தாள். குழாய். டீச்சர் வாயைக் குவித்துக் காட்டினாள். தங்கை படத்தைப் பார்த்தாள், டீச்சரின் உதட்டைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள்.

"லைன்ல..."

அங்கேயே நின்றது. டீச்சரின் முகத்தில் வந்து போன ஏமாற்றத்தைத் தங்கை பார்த்துவிட்டாள். அக்காவின் முகத்தையும் பார்த்தாள். இத்தனை நாள் தன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது எது என்று, முதல் தடவையாக எதிரில் இருப்பவர்களின் முகத்தில் படித்துக்கொண்டாள். வாக்கியத்தின் மிச்சத்தை விழுங்கினாள். டீச்சர் சீப்பைக் காட்டினாள், நாற்காலியைக் காட்டினாள், பூனையைக் காட்டினாள். தங்கை வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகும் திறக்கவில்லை. தண்ணி வேணுமா என்றால் கண்ணால் பார்த்தாள். வலிக்குதா என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேன் குரல் வீட்டிலிருந்து போய்விட்டது. அது இருந்தவரை, இருட்டில் எழுந்து "என்னடி" என்று கேட்டால் ஏதோ ஒன்று பதிலாக வரும். அர்த்தம் இல்லாவிட்டாலும் ஆள் இருக்கிறாள் என்று இருக்கும். அது பேச்சு இல்லை என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, கத்தரியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். காகிதப்பூக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன, முள்ளோடு. மேலே காய்ந்த கொடி அப்படியே இருந்தது. இதை வெட்டி எறிந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. சுவர் மறுபடியும் கண்ணைக் குத்தும். தங்கை கண்ணை மூடிக்கொள்வாள். தன் கையையும் அக்காவின் நரையையும் பார்க்காமல், அந்த டெலிபோன் அறைக்கே திரும்பிப் போய், யாரையோ இதமாகக் காத்திருக்கச் சொல்லிக்கொண்டு கிடப்பாள். பார்க்க வைத்ததால் யாருக்கு என்ன நல்லது ஆயிற்று?

கத்தரியின் வாயைத் திறந்து முதல் தண்டில் வைத்தாள். இடைவெளி வழியாக ஜன்னல் தெரிந்தது. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டு என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. கத்தரியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை.

மீட்டரக்கா கத்தரியை அந்தத் தண்டிலிருந்து எடுத்தாள். பிறகு கன்றின் மேல் சரிந்திருந்த இரண்டு சுள்ளிகளை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அன்று தலைக்குக் குளிப்பாட்டும் நாள். அடுப்பில் வெந்நீர் கொதிக்க ஆரம்பித்திருந்தது.